மாமனாருக்கு ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி

கேள்வி: என் மாமனாருக்கு வருகிற தை மாதம் எழுபது வயது நிறைகிறது. உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு. அவருடைய அப்பா வைத்திருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியை 1978இல் அத்தை கல்யாணச் செலவுக்காகக் கோயமுத்தூரில் ஒரு கடையில் விற்றுவிட்டார்களாம். "எங்கப்பாவோட பெல்ஜியம் துப்பாக்கி" என்று இன்றைக்கும் மாதம் ஒரு தடவையாவது பேச்சு வந்துவிடும். மாமாவிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஒற்றைக்குழல் ஒன்று வைத்திருக்கிறார். இப்போது பக்கத்து ஊரில் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் ரெட்டைக்குழல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வைத்திருந்த பெரியவர் தவறி மூன்று வருஷம் ஆகிறது, அவர் மகன் விற்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் பழையதாம். ஆனால் புதுசு மாதிரி மினுங்குகிறது, குழல் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி வரி. ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்கிறார். மாமாவுக்குத் தெரியாமல் வாங்கி வைத்து, பீமரத சாந்தி அன்று கையில் கொடுக்க எனக்கும் என் கணவருக்கும் ஆசை. வாங்கலாமா?
ஒரு வாசகி, கோவை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பத்தைந்து வருஷமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். தாத்தா துப்பாக்கியை விற்றுத் தரச் சொல்லி வருகிற பேரப்பிள்ளைகள்தான் அதிகம். கை மாறிப் போனதை ஒரு பெரியவருக்குத் திருப்பிக் கொடுக்க நினைக்கிற மருமகளின் கடிதம் எனக்கு இதுதான் முதல். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடவில்லையே? வந்திருந்தால் உடனே உங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள். வரவில்லை என்றால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் 'பெரியவர் தவறி மூன்று வருஷம்' என்ற வரி. லைசென்ஸ் ஆளோடு போய்விடும். அவர் இறந்ததும் வாரிசுகள் அந்த ஆயுதத்தைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்த ரசீது மகனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நல்லது, அங்கிருந்தே லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்க அவருக்கு உரிமை உண்டு, அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. ரசீது இல்லாமல் மூன்று வருஷமாகப் பரணில் கிடக்கிறது என்றால், அந்தப் பிள்ளை தன்னை அறியாமலே குற்றம் செய்துகொண்டிருக்கிறார். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு வருஷம் சிறை. அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வக்கீலைப் பார்த்துக்கொண்டு ஒப்படைப்பது அவருக்குத்தான் நல்லது.

அடுத்தது உங்கள் ஆசை. மாமாவுக்குத் தெரியாமல் வாங்கி வைத்து அன்றைக்குக் கையில் கொடுப்பது நடக்காது. நடக்கவும் கூடாது. துப்பாக்கி வாங்குகிறவர் அவர்தான், நீங்கள் பணம் மட்டும் கொடுக்கலாம். உங்கள் பெயரிலோ உங்கள் கணவர் பெயரிலோ லைசென்ஸ் இல்லாமல் ஒரு இரவுகூட அதை பீரோவில் வைத்திருக்க முடியாது. மாமாவின் லைசென்ஸில் ஒரு ஒற்றைக்குழல் ஏறியிருக்கிறது என்கிறீர்கள். 2019க்கு முன்னால் ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். ஆக இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது ஆயுதத்தைச் சேர்க்க அவரே கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். தனிநபரிடமிருந்து வாங்குவதாக இருந்தால், யாருக்கு விற்கப் போகிறேன் என்று விற்கிறவர் கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, அதன் பிறகு 45 நாள் கழிந்தால்தான் கை மாற்றலாம். தை மாதம் என்றால் இப்போதே மனு எழுத உட்கார வேண்டும். ஆயுதச் சட்டத்தில் உபயோகமற்ற பழம்பொருளுக்கு விலக்கு உண்டே என்று சிலர் சொல்வார்கள். அது ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு. சுடக்கூடிய ரெட்டைக்குழலுக்கு வயது நூறானாலும் லைசென்ஸ் வேண்டும், சுவரில் மாட்டி வைக்க மட்டும்தான் என்றாலும் வேண்டும்.

சரி, சட்டம் போதும். துப்பாக்கிக்கு வருவோம்.

கோலம் போட்ட மாதிரி வரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர். இரும்பையும் எஃகையும் அடுக்கி, கம்பியாக இழுத்து முறுக்கி, அந்த நாடாவை ஒரு உருளைக்கம்பி மேல் பிரி பிரியாகச் சுற்றி, உலையில் காய்ச்சித் தட்டித் தட்டி ஒட்டியது. அமிலம் பட்டதும் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமுமாகத் தெரியும், அதுதான் அந்த வரி. பார்க்கப் பார்க்க அழகு, நானே சில குழல்களைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அது கருமருந்து, அதாவது புகை கக்குகிற பழைய வெடிமருந்துக் காலத்து வேலை. அந்த ஒட்டுகளுக்கு நடுவே கசடு சிக்கியிருக்கலாம், நூறு வருஷத்தில் உள்ளிருந்தே துரு ஏறியிருக்கலாம். வெளியே தெரியாது. இன்றைய தோட்டாக்களில் இருக்கிற புகையில்லா மருந்துக்கான சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதுக்காரர் இன்றைக்குக் கடையில் கிடைக்கிற தோட்டாவைப் போட்டுச் சுடப் போகிறார் என்றால், டமாஸ்கஸ் வேண்டாம் என்பேன். இடது கையால் குழலைத் தாங்கிப் பிடித்திருக்கிறோம், முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்தான்.

'புதுசு மாதிரி மினுங்குகிறது' என்பது உங்களுக்கு நல்ல செய்தியாகப் பட்டிருக்கும். எனக்கு அதுதான் கவலை. துருப்பள்ளத்தை மறைக்க எமரித் தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அமிலம் காட்டி வரியை எடுத்திருப்பார்கள். தேய்த்த ஒவ்வொரு தடவையும் குழல் மெலிகிறது. பழைய பன்னிரண்டு போர் (bore, குழல் வாயின் அளவு) குழலில் கனம் எந்த இடத்திலும் 20 தௌவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்கு, குறையக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. இதைக் கண்ணால் சொல்ல முடியாது, கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மங்கலாக, நிறம் வெளுத்து, அங்கங்கே கை பட்ட தடத்தோடு இருக்கிற குழலை நான் அதிகம் நம்புவேன்.

பழைய குழலை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். துப்பாக்கி எங்கே சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேயே, மாமாவும் வேலை தெரிந்த ஒருவரும் நின்று பார்க்கலாம். காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலைத் தனியாகக் கழற்றுங்கள். அடியில் இருக்கிற கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். கோயில் மணி ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அந்த மாதிரி ஒரு நாதம் வர வேண்டும். விரிசல் விட்ட பானையைத் தட்டினது போலச் சத்தம் வந்தால், இரண்டு குழலையும் சேர்க்கிற ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே ஈரம் இறங்கியிருக்கும்.

அப்புறம் குழலின் பின்பக்கம் கண்ணை வைத்து டியூப்லைட்டைப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக, தண்ணீரில் கல் போட்ட மாதிரி விழும். குழலை மெல்லத் திருப்பினால் அந்த வளையங்கள் உடையாமல் கூடவே நகர வேண்டும். ஒரு இடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே சொட்டை. அகன்று கருப்பாக ஒரு நிழல் நின்றால் வீக்கம். சொட்டையை எடுத்துவிடலாம். வீங்கிய குழலை வாங்கவே வாங்காதீர்கள்.

குழலைத் திருப்பினால் அடியில் தட்டையான இடத்தில் முத்திரைகள் இருக்கும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது. கிரீனர் கம்பெனி இருந்த இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813 முதல் அரசு அங்கீகாரத்தோடு சோதனைச்சாலை நடக்கிறது. ஒவ்வொரு குழலிலும் வேண்டுமென்றே அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை. குறுக்கே வைத்த இரண்டு செங்கோலும் கிரீடமும் இருந்தால் 1904க்கு முந்தைய சோதனை. 1904இலிருந்து கிரீடத்தின் கீழ் பி.பி. (BP), பி.வி. (BV), என்.பி. (NP) என்ற எழுத்துகள் வரும். இந்த என்.பி. உங்களுக்கு முக்கியம், நைட்ரோ மருந்துக்கு, அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். 1925 விதிகளுக்குப் பிறகு வந்தவற்றில் தோட்டா அறையின் நீளமும் சேர்த்துப் பொறித்திருக்கும். மேலே பொன்னெழுத்தில் பொறித்த பெயரை யாரும் யார் வீட்டுத் துப்பாக்கியிலும் வெட்டிக்கொள்ளலாம், வெட்டியும் இருக்கிறார்கள். நிஜமான கிரீனரில் பெரும்பாலும் குழலின் பின்னால் நீண்டிருக்கிற நாக்கில் ஒரு துளை இருக்கும், மூடும்போது அதன் குறுக்கே ஓர் உருண்டைத் தாழ் போய்ப் பூட்டும். தவறிச் சுடாமல் தடுக்கிற சேஃப்டி பலவற்றில் மரக்கட்டையின் இடப்பக்கம் இருக்கும். இவை இல்லாத கிரீனர்களும் உண்டு. அதனால் பெயருக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுப்பதற்கு முன் முத்திரையைப் படித்துவிடுங்கள்.

தோட்டா அறையின் நீளம் என்றேனே, அதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அது இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். இப்போது நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. போட்டுப் பார்த்தால் அளவாக உட்கார்ந்துகொள்ளும், மூடவும் மூடும். எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். மடித்து வைத்த வாய் சுடும்போது விரிய இடம் இல்லாமல் குழல் குறுகுகிற இடத்தில் போய் அடைக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது, பத்துத் தடவையிலும் ஆகாமல் போகலாம். அதை வைத்து 'நாங்க காலங்காலமா இதைத்தான் போடுறோம்' என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அறையை நீட்டித் தருகிறேன் என்று கடைசல் எந்திரத்தோடு நிற்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். மெலிந்த குழலில் அறை இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் மிக அதிகம்.

சரி, எந்த மாதிரி வாங்கலாம்? அலங்காரம் இல்லாத பாக்ஸ்லாக் ஒன்று, அதாவது சுடுகிற பொறி ஒரு பெட்டி மாதிரி உடலுக்குள்ளேயே அடங்கியது. ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் கொண்டுவந்த அமைப்பு அது. உள்ளே உறுப்புகள் குறைவு, கெட்டாலும் என் போன்றவர்களால் செய்து போட முடியும். எஃகுக் குழல், நைட்ரோ முத்திரை, வெளியே ஹேமர் (தோட்டாவை அடிக்கிற சுத்தி) இல்லாதது. சுட்ட தோட்டாவைத் தானே தூக்கி எறிகிற இஜெக்டர் வேண்டாம். பழசில் அதன் ஸ்பிரிங் போனால் கையால் ராவித்தான் புதிதாகச் செய்ய வேண்டும், ராவத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் நாட்டில் 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியை நிறுத்திய பிறகு வெளிநாட்டுத் துப்பாக்கி இருப்பதுதான், புதிதாக வருவதில்லை. அதனால்தான் தேய்ந்ததற்கும் இந்த விலை சொல்கிறார்கள்.

பெரியவர் உடம்பையும் பாருங்கள். ஆங்கிலேயர்கள் தங்கள் கைக்குச் செய்துகொண்ட கட்டை, விசையிலிருந்து பின்முனை வரை பதினாலரை அங்குலம் இருக்கும். நம் ஆட்கள் பலருக்கு அது நீளம். தோளில் வைக்கும்போது சட்டையில் மாட்டும், தலையை நீட்டி நீட்டிக் குறி பார்க்க வேண்டியிருக்கும். எழுபது வயதில் மூன்று கிலோவுக்கு மேல் எடை வேண்டாம். நம் ஊர் ஆசாரிகள் உடைந்த வால்நட் கட்டையை எடுத்துவிட்டு ஈட்டி மரத்தில் செய்து போட்டிருப்பார்கள், வேலை அற்புதமாக இருக்கும், எடை கூடிவிடும். அவரையே தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, பிறகு திறந்தால் குழல் நுனியில் இருக்கிற குறிமணி நேர்கோட்டில் இருக்க வேண்டும். திறந்து மடக்குவது கைமூட்டுக்குச் சிரமமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதற்காகவாவது அவர் கூட வந்தே ஆக வேண்டும். கண்புரை இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளட்டும்.

வாங்கிய பிறகு என்ன செய்வார் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தோப்பில் பன்றி வந்தாலும் மயில் வந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் சுட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் அது. ரைபிள் கிளப்பில் சேர்ந்து, வானில் வீசுகிற களிமண் தட்டைக் குறி பார்த்துச் சுடலாம், அவருக்கு அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயம், ஆயுத பூஜை. சில வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் நல்ல பர்மிங்காம் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். இரண்டு குழலிலும் மூன்று மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்திருந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பொட்டு வந்துவிட்டது, அதன் அடியில் பொட்டு அளவுக்கே வட்டமாகத் துருப்பள்ளம், ஆறும் ஆறு வட்டம். வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்திருக்கிறார். மாமா கட்டாயம் பொட்டு வைப்பார், வைக்கட்டும், மறுநாள் காலையில் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெயில் துடைக்க வேண்டாம். குளிரில் உறைந்து தூசியோடு சேர்ந்து உள்ளே பிசினாக நின்றுவிடும். துப்பாக்கி எண்ணெய் போட்டபின் குழல் வாய் கீழே இருக்கும்படி ஒரு இரவு சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை மக்கடித்துவிடும். தேர்தல் வரும்போது ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், கொடுப்பதற்கு முதல் நாளும் வாங்கி வந்த அன்றும் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல். மாமா நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பேசுவது 'பெல்ஜியம் துப்பாக்கி'யைப் பற்றி. கிரீனர் என்ற பெயர் விற்கிறவர் சொன்னது, மாமா சொன்னது இல்லை. பெல்ஜியத்தில் லியேஜ் என்ற ஊர் துப்பாக்கிக்குப் பேர் போனது, அங்கே செய்த ரெட்டைக்குழல்கள் இந்தியாவுக்கு நிறைய வந்தன. ஆங்கிலத் துப்பாக்கி வாங்க வசதியில்லாத விவசாயிகள் வாங்கியது பெரும்பாலும் அதுதான். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்து இருந்தால் லியேஜ் முத்திரை. சிங்கத்தின் கீழ் பி.வி. (PV) இருந்தால் புகையில்லா மருந்துக்குத் தேறியது. கிரீனரைவிடக் குறைந்த விலைக்கு, அதைவிட நல்ல குழலோடு ஒரு பெல்ஜியம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதைக் கையில் வாங்கும்போதுதான் அவருக்கு அப்பா நினைவு வரும்.

இன்னொன்றும் முயன்று பாருங்கள். தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் வீட்டில் எங்காவது இருக்கும். பத்திரம் வைக்கிற தகரப்பெட்டியில், கல்யாணக் கணக்கு நோட்டோடு தேடுங்கள். அதில் துப்பாக்கி செய்தவர் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும், விற்றபோது கடையின் முத்திரையும் விழுந்திருக்கும். துப்பாக்கி எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது. சட்டப்படி கைமாறிய துப்பாக்கியாக இருந்தால் அது இன்றைக்கும் கொங்குப் பக்கம் யாரோ ஒருவர் லைசென்ஸில் இருக்கலாம், அவருக்கும் வயதாகியிருக்கும். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு எழுபது வயதானாலோ, ஆயுதம் இருபத்தைந்து வருஷம் கையில் இருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. வாங்க வாரிசு இல்லாதவர்கள் விற்கத்தான் பார்க்கிறார்கள்.

பீமரத சாந்தி அன்று கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே என்றால், ரெட்டைக்குழலுக்கான ஒரு நல்ல தோல் உறையும், துடைக்கிற கோலும் வாங்கிக் கொடுங்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டாம். தோல் ஈரம் இழுக்கும், அதனால் எடுத்துப் போகும்போது மட்டும் உறை, வீட்டில் பூட்டுப் போட்ட பீரோவில் தனியாக. உறைக்குள் மனுவின் நகலை வைத்துக் கொடுத்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் நம்பரை எனக்கு எழுதி அனுப்புங்கள். என் கைக்கு வேலைக்கு வந்த துப்பாக்கிகளின் பெயரும் நம்பரும் முதல் வருஷத்திலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பெல்ஜியம் மட்டும் தனிப் பக்கம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.